வெர்டிகோ டிஸ்க்கைக் கடன் வாங்கியவர்கள் சொன்னது

அண்ணன் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தபோது ஹிட்ச்காக் படங்களின் 4கே பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். 2020-ல் யுனிவர்சல் வெளியிட்டது. ரியர் விண்டோ, வெர்டிகோ, சைக்கோ, தி பேர்ட்ஸ் என்று நாலு படம். இரவல் கேட்பவர்களுக்குக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் கிடையாது. டிஸ்க் என்பது பார்க்கத்தானே, அலமாரியில் அடுக்கிவைத்து என்ன செய்வது? மற்ற மூன்றையும் வாங்கிப் போனவர்கள் "நல்லா இருந்துச்சு" என்று ஒரு வார்த்தையோடு திருப்பித் தந்துவிடுவார்கள். வெர்டிகோ மட்டும் ஏதாவது ஒரு வழக்கோடுதான் வீடு திரும்பும். அந்த வழக்குகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கதையின் முடிச்சு முழுவதையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்து நாளாயிற்று என்பவர்களுக்காகக் கதைச்சுருக்கம். சான் பிரான்சிஸ்கோவில் ஸ்காட்டி என்று ஒரு போலீஸ்காரர். உயரத்தில் நின்றால் தலை சுற்றும் என்பதால் வேலையை விட்டுவிட்டார். கூடப் படித்த எல்ஸ்டர் கூப்பிட்டு, 'என் மனைவி மேடலின் போக்கே சரியில்லை, நூறு வருஷத்துக்கு முன்பு செத்துப்போன கார்லோட்டா என்பவள் அவளைப் பிடித்து ஆட்டுகிறாள், பின்னாலேயே போய்ப் பார்' என்கிறான். போகிறார். காதலில் விழுகிறார். அவள் ஒரு மாதா கோயில் மணிக்கூண்டில் ஏறி விழுந்து சாகிறாள், தலைசுற்றலால் இவரால் மேலே ஏறித் தடுக்க முடியவில்லை. மனம் கலங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து வெளியே வருகிறார். தெருவில் அவள் சாயலில் ஜூடி என்ற கடைக்காரப் பெண்ணைப் பார்க்கிறார். அவளுக்கு அதே உடை, அதே தலைமுடி, அதே நடை என்று மாற்றிப் பழையவளாகவே ஆக்கப் பார்க்கிறார். விஷயம் என்னவென்றால், ஜூடிதான் முதலிலேயே மேடலினாக நடித்தவள். எல்ஸ்டர் தன் உண்மையான மனைவியைக் கொன்று மேலேயிருந்து தள்ளிவிட, அதற்குச் சாட்சியாக ஸ்காட்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். கடைசியில் இதைக் கண்டுபிடித்து ஸ்காட்டி அவளை அதே மணிக்கூண்டுக்கு இழுத்துக்கொண்டு ஏறுகிறார். இருட்டிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி வர, ஜூடி மிரண்டு கீழே விழுந்து சாகிறாள்.

அம்மாவுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படம் ஓடி அரை மணி நேரம் ஆகியிருக்காது. "ஏங் கண்ணு, இது எம்ஜிஆர் படமல்ல?" என்றார். 1965-ல் வந்த 'கலங்கரை விளக்கம்'. கே. சங்கர் இயக்கம், சரோஜாதேவி இரட்டை வேடம். அதில் சரோஜாதேவி தன்னைப் பல்லவர் காலத்துச் சிவகாமி என்று நினைத்துக்கொள்வார். கார்லோட்டா இருந்த இடத்தில் சிவகாமி, மணிக்கூண்டு இருந்த இடத்தில் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம். அம்மா பள்ளிக்கூடம் போகிற வயதில் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படம். அதனால் ஸ்காட்டியாக வருகிற ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வாயைத் திறக்கும் முன்பே அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எழுந்து போகவில்லை. "அதுல 'பொன்னெழில் பூத்தது' பாட்டு இருக்கும், இதுல ஒண்ணுமே இல்லையே, ஆனா மியூசிக் விடாம என்னமோ பண்ணுது" என்றார். பெர்னார்ட் ஹெர்மன் இசைக்கு இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை.

அம்மாவின் வழக்கு மிட்ஜைப் பற்றியது. கண்ணாடி போட்டுக்கொண்டு படம் வரைந்து சம்பாதிக்கிற பெண். ஸ்காட்டியின் பழைய சிநேகிதி. "இத்தனை நல்ல புள்ள பக்கத்துலயே இருக்கு, இந்தாளு செத்தவ பின்னாடி சுத்தறான்." ஆஸ்பத்திரியில் மிட்ஜ் அவருக்கு மொசார்ட் இசைத்தட்டு போட்டுக் காட்டிவிட்டு, டாக்டரிடம் பேசிவிட்டு, நீண்ட தாழ்வாரத்தில் தனியாக நடந்து போவாள். அதற்குப் பிறகு படத்தில் அவள் கிடையாது. கடைசிவரை அம்மா அவளுக்காகக் காத்திருந்தார். படம் முடிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கண்ணாடிக்காரப் புள்ள என்னாச்சு?"

அண்ணனின் வழக்கு வேறு. கடிதக் காட்சி. டிஸ்க்கை வாங்கித் தந்தவனே அவன்தான், ஆனாலும் அந்த ஒரு காட்சியை வெட்டி எறிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவை போனிலும் சொல்வான்.

எதைச் சொல்கிறான் என்றால், படம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது ஸ்காட்டி ஜூடியின் ஓட்டல் அறைக்கு வந்து, ராத்திரி சாப்பிடப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். கதவு சாத்துகிறது. ஜூடி முதுகைக் காட்டி நிற்கிறாள், மெல்லத் திரும்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். மணிக்கூண்டில் உண்மையில் நடந்தது கண்முன் ஓடுகிறது. பெட்டியை எடுத்துத் துணி வைக்கத் தொடங்குகிறாள். அப்புறம் உட்கார்ந்து ஸ்காட்டிக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கடிதம் எழுதுகிறாள். கிழித்துப் போடுகிறாள். மேடலினாக நடித்தபோது போட்டிருந்த சாம்பல் நிற உடையை அலமாரியின் உள்பக்கமாகத் தள்ளிவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொள்கிறாள்.

மர்மம் அங்கேயே முடிந்துவிட்டது. "அப்புறம் எதுக்கு அரை மணி நேரம்? கடைசியில ஸ்காட்டி கண்டுபிடிக்கிறப்பதானே நமக்கும் தெரியணும்?" என்பது அண்ணன் கட்சி. அந்தக் கட்சியில் சாமானிய ஆட்கள் இல்லை. மூலக்கதை பொய்லோ, நார்செஜாக் என்ற பிரெஞ்சு இரட்டையர்கள் 1954-ல் எழுதிய நாவல். அதில் உண்மை முடிவில்தான் உடைகிறது. முன்னாலேயே உடைக்கிற யோசனை திரைக்கதை எழுதிய சாமுவேல் டெய்லருடையது. ஹிட்ச்காக்கே கடைசி நேரத்தில் ஆட்டம் கண்டு அந்தக் காட்சியை எடுத்துவிடப் பார்த்திருக்கிறார். பாரமவுன்ட் தலைவர் பார்னி பாலபன் பழையபடியே வைக்கச் சொன்னதால்தான் தப்பித்தது. ஒரு ஸ்டூடியோ முதலாளி டைரக்டரைவிடச் சரியாக யோசித்த அபூர்வமான சமயம் அது என்பது என் கட்சி.

காரணம் இருக்கிறது. கடிதம் இல்லாவிட்டால் கடைசி அரை மணி நேரமும் நாம் ஸ்காட்டியோடு சேர்ந்து 'இவள் அவள்தானா' என்று துருவிக்கொண்டிருப்போம். கடிதம் வந்ததால், துணிக்கடையில் அவர் "அது இல்லை, இது இல்லை" என்று அதே சாம்பல் நிற உடையைக் கேட்கும்போது நம் கண் அவரை விட்டு ஜூடியிடம் போகிறது. தெரிந்தும் நிற்கிறாளே என்று அடிவயிற்றைப் பிசைகிறது. இரண்டாம் தடவை பார்த்தால் முதல் பாதியும் இப்படியே ஆகிவிடும். பூக்கடை, கல்லறை, ஓவியக்கூடம் என்று அவள் போகிற இடமெல்லாம் ஸ்காட்டி காரில் பின்தொடர்வது முதல் தடவை இழுவையாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. மறுதடவை பார்க்கும்போது, பின்னால் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தே நடக்கிற ஒரு பெண்ணின் நடிப்பு அது. எப்போது நடிக்கிறாள், எப்போது நிஜமாகவே அவன் மேல் ஆசை வந்து தடுமாறுகிறாள் என்று தேடிக்கொண்டே இருக்கலாம்.

வெர்டிகோ மறுதடவைக்கென்றே எடுத்த படம், ஆனால் வந்த காலத்தில் மறுதடவை பார்க்க வழியே இல்லை. 1958-ல் தியேட்டருக்கு வந்தவர்கள் ஒரு முறை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். விமர்சனங்கள் கலவையாக இருந்தன. பெரிதாக ஓடவும் இல்லை. ஸ்டூவர்ட்டுக்கு வயதாகிவிட்டதுதான் காரணம் என்று ஹிட்ச்காக் பின்னாளில் சொன்னதாகப் பேச்சு உண்டு. படப்பிடிப்பின்போது ஸ்டூவர்ட்டுக்கு 49, ஜூடியாக நடித்த கிம் நோவாக்குக்கு 24. அப்புறம் உரிமை ஹிட்ச்காக் கைக்கு வந்து, 1970-களில் இதையும் இன்னும் நாலு படங்களையும் யார் கண்ணிலும் படாமல் எடுத்துவைத்துவிட்டார். அவர் 1980-ல் இறந்த பிறகு, 1983, 84 வாக்கில்தான் அவை மறுபடி வெளியே வந்தன. தியேட்டரிலும் ஓடின, வீடியோ கேசட்டிலும் கிடைத்தன.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தும். படம் மறுபடி வெளியே வருவதற்கு முன்பு, 1982-ல் வெர்டிகோ ஏழாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. 1992-ல் நாலு. 2002-ல் இரண்டு. 2012-ல் 'சிட்டிசன் கேன்' படத்தை 191-க்கு 157 என்று தள்ளிவிட்டு முதலிடம். 2022-ல் மறுபடி இரண்டாம் இடம். படத்தில் ஒரு ஃபிரேம் மாறவில்லை. ரீவைண்ட் பட்டன் ஜனங்கள் கையில் வந்தது, அவ்வளவுதான். விமர்சகர்கள் வேறு காரணம் சொல்வார்கள், சொல்லட்டும்.

எங்கள் பேங்கில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி டிஸ்க்கை வாங்கிப் போய் மறுநாளே கொண்டுவந்தாள். மேஜையில் வைத்துவிட்டு, "அக்கா, இது லவ் ஸ்டோரியா? அந்தாளை உள்ள தூக்கிப் போடணும்" என்றாள். பின்னாலேயே சுற்றுகிறான், ஆற்றங்கரையிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்து மயக்கத்தில் இருப்பவளின் உடையைக் கழற்றிக் காயப்போடுகிறான், பிறகு இன்னொருத்தியைப் பிடித்து முடிக்குச் சாயம் அடிக்கிறான். "உனக்கு முடி என்ன கலர்ல இருந்தா என்ன" என்று ஜூடியிடமே கேட்கிறானே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாளாம். பாதிப் படம் விரிகுடா ஓரம், ஆறு இல்லையே என்று சொல்ல வந்தேன், அவள் கோபத்துக்கு முன்னால் அது முக்கியமில்லை என்று விட்டுவிட்டேன்.

அவள் சொல்வது சரிதான். ஆனால் படமும் அதையேதான் சொல்கிறது என்பது என் எண்ணம். குளியலறைக் கதவைத் திறந்து, கடைசியாக முடியையும் மேடலின் மாதிரியே கொண்டை போட்டுக்கொண்டு ஜூடி வெளியே வருகிற காட்சியை மட்டும் இன்னொரு முறை போட்டுப் பார் என்றேன். ஜன்னலுக்கு வெளியே ஓட்டலின் நியான் பலகை எரிகிறது. அறை முழுக்கப் பச்சை. புகை மாதிரி ஒரு மங்கலிலிருந்து அவள் வருகிறாள், பிணம் எழுந்து வருகிற மாதிரி. ஸ்டூவர்ட்டின் முகத்தில் ஆனந்தம், நோவாக்கின் முகத்தில் 'இப்போது போதுமா' என்கிற கெஞ்சல். எந்த முகம் நமக்குத் தங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதில் இன்னொன்று, அந்தச் சாம்பல் நிற உடையும் கறுப்பு ஷூவும் நோவாக்குக்கே பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஹிட்ச்காக் விடவில்லை. ஸ்டூடியோக்காரர்கள் தன்னை மாற்றி மாற்றிச் செய்தது மாதிரிதான் ஜூடிக்கும் நடக்கிறது, அதனால் அவளை எனக்குப் புரிந்தது என்று நோவாக் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதும் பேங்க் பெண் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ அந்தக் கிழவனையும் சேத்து உள்ள போடணும்" என்றாள்.

அடுத்த வழக்கு யாரிடமிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. எங்கள் தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் தம்பி. கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் பெட்டிதான். வீட்டில் வைத்திருக்கிற பெரிய ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு பழைய படம் வேண்டும் என்று வாங்கிப் போனார். திருப்பித் தரும்போது, "ஏனுங்க்கா, மொதல் சீன்ல அந்தத் துப்பாக்கிச் சத்தம் படத்தோட ஒட்டவே இல்லீங்களே. நடக்கிற சத்தம் எல்லாம் காதுக்குப் பக்கத்துல கேக்குது, பேச்சு மட்டும் தூரத்துல கேக்குது. யாரோ அப்புறமா ஏத்தியிருக்காங்க" என்றார்.

படம் பற்றி ஒரு வரி படித்தவரில்லை. காதால் கண்டுபிடித்துவிட்டார். 1996-ல் ராபர்ட் ஹாரிஸ், ஜேம்ஸ் கட்ஸ் என்ற இருவர் இந்தப் படத்தைச் செப்பனிட்டார்கள். செலவு பத்து லட்சம் டாலருக்கும் மேல். பிம்பத்தில் அவர்கள் செய்தது பெரிய காரியம். வெர்டிகோ விஸ்டாவிஷனில் எடுத்தது, அதாவது 35 மி.மீ. ஃபிலிமைக் கேமராவுக்குள் படுக்கைவசமாக ஓடவிட்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரட்டிப்பு இடம் கொடுப்பார்கள். அந்தத் துல்லியம் போய்விடாமல் 65 மி.மீ. நெகட்டிவுக்கு மாற்றினார்கள். நிறம் வெளுத்துப்போன இடங்களில் சரியான நிறம் எது என்று தெரிய, மேடலின் ஓட்டுகிற பச்சைக் காருக்காக ஜாகுவார் கம்பெனியிடம் பெயின்ட் மாதிரி கேட்டு வாங்கி ஒப்பிட்டிருக்கிறார்கள்.

ஒலியில்தான் வம்பு. இசை மட்டும் தனியாகக் கிடைத்தது, காலடி, துப்பாக்கி, கதவு போன்ற சத்தங்களின் தனிப் பதிவு கிடைக்கவில்லை. அதனால் அவற்றைப் புதிதாகப் பதிந்து ஸ்டீரியோவில் ஏற்றினார்கள். பழைய ஒலியில் கரகரப்பு வந்த சில இடங்களை மறைக்க, கடற்பறவைக் கூச்சலையும் மூடுபனிச் சங்கையும்கூடக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். டிவிடியில் முதலில் வந்தது இந்தப் புது ஒலிதான். ரசிகர்கள் விடாமல் திட்டினார்கள். பின்னால் வந்த டிஸ்க்குகளில், எல்லாச் சத்தமும் ஒரே தடத்தில் வரும் பழைய மோனோ ஒலியும் சேர்ந்து வந்தது. தம்பியிடம் மெனுவில் போய் மோனோவுக்கு மாற்றிக் கேளுங்கள் என்று சொல்லி மறுபடி கொடுத்தனுப்பினேன். "இப்பத்தானுங்க்கா படமும் சத்தமும் ஒரே ரூம்ல இருக்குது" என்றார். கதையைப் பற்றிக் கேட்டேன். "அத அப்பறம் பாக்கறேன்" என்றார்.

(டிஸ்க் வாங்கப் போகிறவர்களுக்கு: முதல் தடவை மோனோவில் பாருங்கள். இசைக்காக மட்டும் என்றால் ஸ்டீரியோ. ஹெர்மன் இசை அதில் விரிந்து கேட்கும்.)

அண்ணன் வீட்டிலிருந்து சான் வான் பாட்டிஸ்டா பக்கம்தான். மணிக்கூண்டு இருக்கிற அந்த மாதா கோயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். கோயில் இருக்கிறது, நீளமான வளைவு வளைவான தாழ்வாரம் இருக்கிறது, குதிரை லாயம்கூட இருக்கிறது. மணிக்கூண்டு இல்லை. படம் எடுக்கும்போதே இல்லை. பழைய கோபுரத்தை அதற்கு முன்பே இடித்துவிட்டார்கள், படத்தில் பார்ப்பது ஓவியமும் ஸ்டூடியோ செட்டும். மாடிப்படி சுழன்று ஆழமாகிற அந்தப் பிரசித்தி பெற்ற ஷாட்டுக்கும் நிஜப் படி கிடையாது. சின்னதாக ஒரு மாதிரி செய்து தரையில் படுக்கப்போட்டு எடுத்தார்கள், கேமரா பின்னால் போக லென்ஸ் முன்னால் இழுக்கும். செலவு 19,000 டாலர். அண்ணனுக்கு ஏமாற்றம். அங்கிருந்தே போன் செய்து, "கோபுரமே பொய்யாம்" என்றான். கடிதத்தை வெட்டச் சொன்னவனுக்கு இது வேண்டும்.

கடைசியாகப் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சார். கணக்கு வாத்தியார். படத்தை எங்கள் வீட்டிலேயே அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் ஒரே கேள்வி: "கொலை பண்ணவன் எங்கேம்மா?" எல்ஸ்டர் தப்பித்துப் போனவன் போனவன்தான், படம் அவனைத் திரும்பியே பார்ப்பதில்லை. அதோடு விடவில்லை. தலை சுற்றி ஸ்காட்டி பாதிப் படியில் நின்றுவிடுவான் என்று எல்ஸ்டர் எப்படி அவ்வளவு உறுதியாக நம்பினான்? தட்டுத் தடுமாறி ஏறி வந்திருந்தால் திட்டமே பாழ்தானே? இதே ஓட்டையைப் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுடனான உரையாடலில் ஹிட்ச்காக்கே சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார் என்றேன். "தெரிஞ்சே விட்டிருக்காரா?" என்று சாருக்கு இன்னும் கோபம்.

சரி, உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன் என்று டிஸ்க்கின் கூடுதல் பகுதியில் இருக்கிற இன்னொரு முடிவைப் போட்டேன். வெளிநாட்டுத் தணிக்கைக்காக எடுத்துவைத்தது. மிட்ஜ் வீட்டில் ரேடியோ ஓடுகிறது. எல்ஸ்டர் ஐரோப்பாவில் இருப்பதாகத் துப்பு கிடைத்திருக்கிறது, பிடித்துக் கொண்டுவந்துவிடுவோம் என்று செய்தி. அடுத்த செய்தியாக, பெர்க்லி மாணவர்கள் மூன்று பேர் ஒரு பசுவை மாடிப்படி ஏற்றிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டார்கள் என்று வருகிறது. ஸ்காட்டி வருகிறார், மிட்ஜ் ரேடியோவை நிறுத்துகிறாள், குடிக்க ஊற்றிக் கொடுக்கிறாள், இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வந்துட்டா பாரு! இத எதுக்கு வெட்டினாங்க?" என்றார். எனக்கு அந்த முடிவு துளியும் பிடிக்காது. படத்தை மணிக்கூண்டின் விளிம்பிலேயே விட்டதுதான் அழகு. ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்லி ஜெயிக்க முடியுமா? ஹெட்மாஸ்டர் சார் ரேடியோ செய்தியை மட்டும் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ம், பிடிச்சிருவாங்க" என்று திருப்தியாகத் தலையாட்டினார். செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"அது சரிம்மா, கடைசியில அந்தக் கன்னியாஸ்திரி அத்தனை படி ஏறி எதுக்கு வந்தாங்க?"

பேச்சுச் சத்தம் கேட்டு வந்ததாகத்தான் படத்தில் சொல்கிறாள் என்றேன். அது காரணமே இல்லை, நாளைக்கு வருகிறேன், அந்த இடத்தை மறுபடி போடு என்று சொல்லிவிட்டுப் போனார்.